நிறம் தெரியாதவனும் ஒரு துளிச் சோதனைப் பெட்டியும்

உட்கார்ந்து குளிக்கும் எங்கள் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி முதல் மூன்று மாதங்கள் தினமும் ஒரு வழக்கு நடந்தது. சோதனைத் தாளை நீரில் முக்கி எடுத்து, புட்டியில் அச்சிட்டிருக்கும் வண்ணக் கட்டங்களுக்குப் பக்கத்தில் பிடிப்பேன். “ஆரஞ்சு” என்பார் மனைவி. “இல்லை அம்மா, சிவப்பு” என்பாள் மகள். தாளை 15 நொடியில் படித்துவிட வேண்டும். இவர்கள் வாதம் முடிவதற்குள் அது மூன்றாவது நிறம் ஒன்றுக்குப் போயிருக்கும். தீர்ப்புச் சொல்ல வேண்டிய எனக்கோ சிவப்பும் பச்சையும் பிறவியிலிருந்தே பிரியாது. யார் குரல் ஓங்குகிறதோ அன்றைக்கு அவர் சொன்ன அளவுக்குத் தொட்டியில் மருந்து விழும்.

அந்த வழக்கை முடித்துவைத்த பெட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. எஃப்.ஏ.எஸ்.–டி.பி.டி. என்ற முறையில் குளோரினை அளக்கும் துளிச் சோதனைப் பெட்டி அது. சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். இதே முறையில் வேலை செய்யும் பெட்டிகளைப் பலர் தயாரிக்கிறார்கள். உள்ளே இருக்கும் வேதியியல் ஒன்றுதான் என்பதால் என் பெட்டியின் பெயர் யாருக்கும் பயன்படாது. ஒன்றரை ஆண்டாகப் பயன்படுத்துகிறேன். தொட்டி 1,200 லிட்டர், நால்வர் உட்காரலாம், நீரை 38 டிகிரியில் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் நானும் மனைவியும்தான், என் முதுகுக்காகவும் அவர் முழங்காலுக்காகவும்.

முதலில் தொட்டியோடு வந்த ‘தொடக்கப் பெட்டி’யைச் சொல்லியாக வேண்டும். அதில் ஒன்பது புட்டிகள். நுரை அடக்கும் திரவம், நீரைத் தெளிவாக்கும் திரவம், ஏதோ ஒரு மலரின் வாசனைத் திரவம், குளோரின் குருணை, அமிலத் தூள், இன்னும் சில. இவற்றோடு சோதனைத் தாள்களும், இரண்டு குழாய்கள் கொண்ட சின்ன வண்ண ஒப்பீட்டுக் கருவி ஒன்றும். மாத்திரையைக் குழாயில் போட்டால் நீர் இளஞ்சிவப்பாக வேண்டும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். நிறத்தை நம்பி நிற்கும் ஒன்பது புட்டிகளை நிறம் தெரியாத ஒருவனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் போட்டேன். நிறமே வரவில்லை. என் கண் கோளாறு என்று நினைத்து மனைவியை அழைத்தேன். “தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது” என்றார். குளோரின் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி ஒரு கரண்டி குருணை போட்டேன். திங்கட்கிழமையும் நிறமில்லை. இன்னொரு கரண்டி. செவ்வாயும் அப்படியே. பக்கத்துக் குழாயில் பி.எச். (நீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்) பார்க்கும் திரவத்தை விட்டால் அட்டையிலேயே இல்லாத ஊதா நிறம் வருகிறது என்றார். காரம் ஏறிவிட்டது என்று அமிலத் தூளையும் போட்டேன். புதன்கிழமை என் நீலக் குளியல் கால்சட்டை இடுப்புவரை ஒரு நிறமும் இடுப்புப் பட்டையில் வேறு நிறமுமாக ஆகிவிட்டது. அந்த வித்தியாசம் எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். குளோரின் குறைவாக இருந்தால் மட்டும் நிறம் வராமல் போவதில்லை. மிக அதிகமாக இருந்தாலும் வராது. மாத்திரையில் பிறக்கும் இளஞ்சிவப்பை அந்தக் குளோரினே வெளுத்துவிடும். துணியை வெளுக்கும் அதே வேலைதான். பி.எச். குழாயில் வந்த ஊதாவும் பொய். அளவு மீறிய குளோரின் அந்தச் சாயத்தையே வேறொன்றாக மாற்றியிருந்தது. ஆக, இல்லாத குறையைத் தீர்க்கக் குளோரினும், இல்லாத காரத்தைத் தணிக்க அமிலமும் போட்டுக்கொண்டிருந்தேன். இதில் எங்கள் கண் செய்த தப்பு எதுவும் இல்லை. மகள் இருந்திருந்தாலும் அதே பதில்தான் சொல்லியிருப்பாள். இப்படிப்பட்ட சந்தேகம் வந்தால், தொட்டி நீர் ஒரு பங்கு, சாதாரண நீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்துப் பாருங்கள். நிறம் வந்தால் குளோரின் தலைக்கு மேல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

துளிப் பெட்டி அந்த வார இறுதியில் வந்தது.

அதன் குளோரின் சோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனெனில் பெட்டிக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி இதற்குத்தான். குழாயில் 10 மில்லி கோடுவரை தொட்டி நீர். முழங்கை ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும், நீரைப் பீய்ச்சும் ஜெட் வாய்க்கு நேரே எடுக்கக் கூடாது. கூடவே வரும் குட்டிக் கரண்டியால் வெள்ளைப் பொடி இரண்டு முறை. குழாயைச் சுழற்றினால் நீர் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும் என்கிறார்கள். என் கண்ணுக்கு அது பழைய செங்கல்லை நீரில் கரைத்தது போல. என்ன நிறம் என்பது இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை. நிறம் இருக்கிறதா, போய்விட்டதா என்பதுதான் கேள்வி. அடுத்த புட்டியைக் கவிழ்த்து, செங்குத்தாகப் பிடித்து, ஒரு துளி, ஒரு சுழற்று. ஒரு துளி, ஒரு சுழற்று. குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துக்கொள்கிறேன். கடைசித் துளியில் நிறம் சட்டென்று அறுந்து தண்ணீர் வெறும் தண்ணீராகிறது. எண்ணிய துளிகளைப் பாதியாக்கினால் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கு வந்துவிடும், ஒரு துளி அரை பி.பி.எம்.

அன்று முதல் சோதனையில் பொடி போட்டதும் நிறம் மின்னி மறைந்தது. கூடவே வந்த கையேடு அதற்கும் வழி சொல்லியிருந்தது: நிறம் நிலைக்கும்வரை இன்னும் பொடி போடு. போட்டேன். பிறகு எண்ணினேன். 46 துளிகள். அதாவது 23 பி.பி.எம். எண்ணும்போது மனைவி எதிரே உட்கார்ந்து, முப்பதைத் தாண்டியதும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மூடியைத் திறந்து வெயிலில் போட்டுவைத்தோம். மறுநாள் காலை 31 துளி, மாலை 17, அதற்கடுத்த நாள் 9. தொட்டியில் என்ன நடக்கிறது என்று முதன்முறையாக என் கண்ணாலேயே பார்த்தேன்.

சோதனைத் தாள் எனக்குச் சொல்லவே சொல்லாத ஒன்றை இந்த எண்ணிக்கை சொன்னது. நாங்கள் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுநாளுக்குள் 6, 7 பி.பி.எம். குளோரின் செலவாகிவிடுகிறது. வியர்வையும் தோலெண்ணெயும் அத்தனையைத் தின்கின்றன. முன்பெல்லாம் குளிப்பதற்குச் சற்றுமுன் ஒரு கரண்டி போட்டுவிட்டு இறங்குவோம், வெளியே வந்ததும் மூடியைப் போட்டுவிடுவோம். இரவு முழுவதும் நீர் காவலில்லாமல் கிடந்திருக்கிறது. இப்போது வெளியே வந்த பிறகுதான் மருந்து. பம்பை ஓடவிட்டு, மூடியை இருபது நிமிடம் திறந்தே வைத்திருக்கிறேன். உடனே மூடினால் எழும்பும் ஆவி மூடியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். எங்கள் முதல் மூடி அப்படித்தான் பொரிந்துபோனது.

வெந்நீரில் குளோரின் 3 பி.பி.எம்.-க்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. புரோமின் போடுகிறவர்களுக்கு 4 முதல் 8 வரை. குளோரின் அளவு மீறினால் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். குறைவதும் அதைவிடக் குறைந்த ஆபத்தில்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகினால், குளியல் உடைக்குள் இருந்த இடமெல்லாம் அரிப்போடு சிவந்த கொப்புளங்கள் வரும். லெஜியோனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவோ தோலோடு நிற்பதில்லை, நீர்த்திவலை வழியாக நுரையீரலுக்கே போகிறது. 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்து ஓடவிட்டிருந்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து அது பரவி 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தொட்டியில் அவர்கள் இறங்கவில்லை. பக்கத்தில் நடந்து போனார்கள், அவ்வளவுதான். அதைப் படித்த பிறகு “இன்றைக்கு ஒரு நாள் சோதிக்காமல் விட்டால் என்ன” என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுவதில்லை.

இதே குழாயில், நிறம் போன பிறகு மூன்றாவது புட்டியிலிருந்து ஐந்து துளி விட்டால், கழிவோடு சேர்ந்து செயலிழந்த குளோரினும் தெரியும். நிறம் மீண்டும் வந்தால் அது இருக்கிறது. மறுபடி எண்ண வேண்டும். மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ பெரும்பாலும் இந்தச் செத்த குளோரினின் வாடை. வாடை அடிக்கும் தொட்டியில் குளோரின் அதிகம் என்று நான் எண்ணியிருந்தது தலைகீழ். ஒரு எச்சரிக்கை: நீரிலுள்ள கழிவை எரிக்கப் போடும், குளோரின் இல்லாத ‘ஷாக்’ தூள் போட்ட மறுநாள் இந்த எண் பொய்யாக எகிறும். முதல் தடவை அதைப் பார்த்துப் பயந்து தொட்டியையே காலிசெய்யப் போனேன். அந்தக் குறுக்கீட்டை நீக்கத் தனித் திரவம் உண்டு, பெட்டியோடு அது வருவதில்லை.

இனி என் குறை. காரத்தன்மைச் சோதனையில், அதாவது நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்று பார்ப்பதில், அமிலத் துளிகள் விழ விழப் பச்சை நீர் சிவப்பாக வேண்டும். பச்சை, சிவப்பு! உலகில் இத்தனை நிறங்கள் இருக்க, ஆண்களில் கணிசமானவர்களுக்குக் குழம்பும் அதே இரண்டை இதற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு முதல் துளியும் பத்தாவது துளியும் ஒரே கலங்கல். கொஞ்ச நாள் மகள் பக்கத்தில் நின்றாள். “பச்சைதான் அப்பா, இன்னும் விடுங்கள்... இன்னும்... நிறுத்துங்கள், நிறுத்துங்கள், தாண்டிவிட்டது.” அவள் படிக்க வெளியூர் போன பிறகு மனைவியிடம் வந்தேன். அவருக்குக் கண் சரி, பொறுமை கிடையாது. ஆறாவது துளியில் “மாறிவிட்டது” என்று எழுந்துவிடுவார்.

கையேட்டில் இல்லாத ஒரு வழியை நானே கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஆய்வகங்களில் காலங்காலமாகச் செய்வது அது. அந்தச் சோதனையில் நிறம் மாறும் இடம் பி.எச். ஏறக்குறைய 4.5-ஐத் தொடும் இடம். என்னிடம் பேனா வடிவ மின்னணு பி.எச். மானி ஒன்று இருக்கிறது. முதல் மானியை ஊதா நிறக் கூத்து நடந்த வாரத்தில் வாங்கினேன். அன்று அது தொட்டி நீரின் பி.எச். 6.6 என்று காட்டி என்னைத் திகைக்க வைத்தது. இப்போது 25 மில்லி நீரைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, மானியின் முனையை அதில் நிறுத்தி, சாய்த்துக் கலக்கியபடி அமிலத் துளிகளை விடுகிறேன். எண் 7-இலிருந்து மெதுவாக நகர்கிறது. 6, 5.5 என்று தயங்குகிறது. பிறகு ஒரு துளியில் 5-ஐத் தாண்டி விழுகிறது. அந்த வீழ்ச்சி ஆளுக்கு ஆள் மாறாது. ஒரு துளிக்கு 10 பி.பி.எம்.; ஏழு துளி என்றால் 70. நிறம் தெரியாத நண்பர்கள் இந்தப் பெட்டியை வாங்கினால் கூடவே மானியையும் வாங்கிவிடுங்கள். அதன் முனையை மட்டும் காயவிடக் கூடாது. அதற்கென்று உள்ள திரவத்தில் நனைத்தே வைத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை 7-உம் 4-உம் காட்டும் திரவங்களில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் மானி என் சோம்பலால் காய்ந்து செத்தது.

காரத்தன்மையை எண்ணத் தொடங்கியதும்தான் எங்கள் பி.எச். ஏன் ஓயாமல் ஏறுகிறது என்பதும் புரிந்தது. ஜெட் கிளப்பும் குமிழிகள் நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடுகின்றன. அது போகப் போக பி.எச். ஏறும். காரத்தன்மை அதிகமாக இருந்தால் வெளியேறுவதற்கு நிறைய இருக்கும். தொடக்கப் பெட்டியின் வழிகாட்டி 80 முதல் 120 வரை வை என்றது. நான் 120-இல் வைத்து, வாரத்துக்கு மூன்று முறை அமிலத் தூள் போட்டுப் பி.எச்.-ஐ இறக்கிக்கொண்டிருந்தேன். இப்போது 60-இல் விட்டுவைத்திருக்கிறேன். பி.எச். 7.6-இல் நாள்கணக்கில் நிற்கிறது, அமிலத் தூள் மாதத்துக்கு ஓரிரு தடவைதான். டைகுளோர் என்ற குளோரின் குருணையை மட்டுமே பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த அளவு தாழ்வாக இருக்கலாம். என்னுடையது திரவக் குளோரின். காரத்தன்மை கீழே போய்விட்டால் சமையல் சோடா போதும்: எங்கள் 1,200 லிட்டருக்கு 20 கிராம் போட்டால் 10 பி.பி.எம். ஏறுகிறது. தொடக்கப் பெட்டியில் ‘காரத்தன்மை உயர்த்தி’ என்ற பெயரில் இருந்த தூளின் உட்பொருளைப் படித்துப் பார்த்தேன். சோடியம் பைகார்பனேட். சமையல் சோடாவேதான்.

பி.எச். எண்ணில் இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், குளோரின் இருந்தும் வேலை செய்யாமல் போவது அதனால்தான். கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் பங்கு, 7.5-இல் ஏறக்குறைய பாதி, 8-இல் கால்வாசி.

கடினத்தன்மைச் சோதனை எனக்குச் சிக்கலில்லை. சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகிறது. நீலம் எனக்கு நன்றாகத் தெரியும். 150-க்கும் 250-க்கும் இடையில் இருந்தால் சரி. கூடினால் ஹீட்டரில் வெள்ளைப் பொருக்கு கட்டும். நீரை மாற்றும் நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

குளோரினை வெயில் அழிக்காமல் காக்கும் சயனூரிக் அமிலத்தை அளக்கும் சோதனைதான் பெட்டியிலேயே மோசமானது. நீரையும் திரவத்தையும் கலந்தால் பால் போல் கலங்கும். அதை அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் ஊற்றிக்கொண்டே போய், புள்ளி மறையும் இடத்தில் கோட்டைப் படிக்க வேண்டும். மறைந்ததா, மறைந்தது போல் இருக்கிறதா? வீட்டில் மறுபடி வழக்கு. சுடுநீரை ஆறவைக்காமல் சோதித்தால் விடையும் மாறுகிறது. குறைந்த அளவுகளை அது காட்டுவதே இல்லை. இருந்தாலும் இந்தச் சோதனை இல்லாமலிருந்தால் எங்கள் பெரிய தவறு வெளியே வந்திருக்காது. குருணை வடிவில் வரும் டைகுளோர், ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுக்கும் 9 பி.பி.எம். சயனூரிக் அமிலத்தையும் நீரில் விட்டுச் செல்கிறது. குளோரின் செலவாகிவிடும். இது போகாது, நீரை மாற்றும்வரை அங்கேயே கிடக்கும். தினமும் 3 பி.பி.எம். போட்டால் மாதக் கடைசியில் 80-ஐத் தாண்டியிருக்கும். அது ஏற ஏற, குளோரின் எண் அழகாக இருக்கும், வேலை மந்தமாகும். நாங்கள் சோதித்த அன்று கரும்புள்ளி 100 கோட்டுக்கு முன்பே மறைந்துவிட்டது. நீர் கண்ணாடி போல் தெளிவாகத்தான் இருந்தது. இப்போது புது நீர் நிரப்பியதும் முதல் சில நாள்களுக்கு டைகுளோர், 30-ஐ எட்டியதும் வாசனை சேர்க்காத திரவக் குளோரின். சயனூரிக் அமிலமே வெந்நீர்த் தொட்டியில் வேண்டாம் என்பது அதே அமெரிக்க மையத்தின் நிலைப்பாடு. வீட்டுத் தொட்டிக்காரர்கள் பலர் சிறிதளவு வைத்துக்கொள்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

பெட்டி வந்த பிறகு அந்த ஒன்பது புட்டிகளில் குருணையும் அமிலத் தூளும் மட்டும் மிஞ்சின. நுரை அடக்கி, நுரைக்குக் காரணமான துணிச் சோப்பை அங்கேயே விட்டு நுரையை மட்டும் அமுக்குகிறது. குளியல் உடைகளைச் சோப்பில்லாமல் இருமுறை அலசியதில் நுரை நின்றது. தெளிவாக்கி செய்ததை வடிகட்டியைக் கழுவியதே செய்துவிட்டது. வாசனைப் புட்டியைப் பற்றி எழுத எனக்கு நல்ல வார்த்தை இல்லை. ஒன்றே ஒன்று: குழாய்களைச் சுத்தம் செய்யும் திரவத்தை எந்தச் சோதனைப் பெட்டியாலும் ஈடுகட்ட முடியாது. நீரை மாற்றுவதற்கு முன் அதைப் போட்டுப் பம்பை ஓடவிட்டோம். எண்கள் எல்லாம் சரியாக இருந்த தொட்டியின் ஜெட் வாய்களிலிருந்து பழுப்புத் திட்டுகள் மிதந்து வந்தன. குழாயின் உட்சுவரில் ஒட்டி வளரும் உயிரிப்படலம். மனைவி ஒரு வாரம் தொட்டிப் பக்கமே வரவில்லை.

பெட்டியின் சில்லறைக் குறைகளும் உண்டு. புட்டிகள் அனைத்தும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, மூடியின் நிறம் மட்டும் வேறு. இதையும் என்னைப் போன்றவர்களுக்காகவே செய்திருக்கிறார்கள்! ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். வறண்ட நாள்களில் புட்டி முனையில் நிலைமின்சாரம் ஏறித் துளி சிறுத்துவிடுகிறது, எண்ணிக்கை கூடிவிடுகிறது. ஈரத் துணியால் முனையைத் துடைத்தால் சரியாகும். பொடிப் புட்டியை ஈரக் கையோடு திறந்தால் கட்டிதட்டிவிடும். திரவங்களை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. பெட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் வைக்காமல் வீட்டுக்குள், பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன். அமிலத் தூளும் குளோரினும் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன. கலந்தால் எழும் வாயுவோடு விளையாட முடியாது.

சோதனைத் தாள்களை முற்றாக விட்டுவிடவில்லை. பயணம் போகும்போது விடுதித் தொட்டியில் இறங்குமுன் ஒன்றை முக்கி மனைவியிடம் நீட்டுவேன். குளோரின் கட்டம் வெள்ளையாகவே இருந்தால் திரும்பி அறைக்குப் போய்விடுவோம். அதற்கு மேல் அவற்றை நம்புவதில்லை.

நேரம்? தினச் சோதனைக்கு இரண்டு நிமிடம், வாரச் சோதனைக்குப் பத்து. இதற்கும் நேரமில்லை என்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம், தொட்டியையும் வாங்க வேண்டாம். ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுக்கிறேன். குறைத்த அரை, அந்தப் பச்சை சிவப்புக்கு.

இன்று மாலை ஏழு துளி வந்தது. மூடியைத் திறந்தாயிற்று, மனைவி துண்டோடு நிற்கிறார்.